கரும்புகை போனால் காசு போகுது

செம்பனை ஆலையின் புகைபோக்கியைத் தூரத்தில் இருந்து பார்த்தே, உள்ளே தீ எப்படி எரிகிறது என்று சொல்லிவிடலாம். புகை கறுப்பாகக் குபுகுபுவென்று வந்தால் காற்று போதவில்லை, அல்லது யாரோ பழக்கொட்டையின் ஓட்டை அளவுக்கு மீறித் தள்ளியிருக்கிறார். வெள்ளையாக, சோம்பலாக எழுந்தால் உள்ளே போன பழநாரில் ஈரம் அதிகம். லேசான சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போனால் பாய்லர்காரர் தூங்கவில்லை என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. போர்ட்டிக்சன் வட்டாரத்து ஆலை ஒன்றில் பாய்லர் வேலை பார்த்தவர். நீராவி இன்ஜின் டிரைவர் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போனால்கூட வாசலில் நின்று புகைபோக்கியைக் காட்டுவார். “பாரு மாப்ள, கரும்பொகை போனா காசு போவுதுன்னு அர்த்தம். எரியாத கரிதான் கறுப்பா மேல போவுது.”

மரமோ நாரோ சாணியோ சோறோ, உயிருள்ள ஒன்று உண்டாக்கிய பொருளை எரித்தால் எவ்வளவு சக்தி கிடைக்கும், அதில் எவ்வளவு நம் கைக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் இருந்து வந்ததல்ல. லயத்து அடுப்பிலும் புகைக்கூடத்திலும் ஆலையிலும் கழிவுக் குளத்திலும் நாள்தோறும் பார்த்த விஷயம் இது. அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பதிவு நீளம்தான். ஒரு தேத்தாரே வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விறகு எப்படி எரிகிறது

முதலில் ஓர் ஆச்சரியம். விறகில் நாம் பார்க்கும் சுவாலை, விறகு எரியும் சுவாலை அல்ல. விறகில் இருந்து கிளம்பிய வாயு எரிகிற சுவாலை.

ஒரு பால்மர விறகை அடுப்பில் வைத்தால் முதலில் அதிலுள்ள தண்ணீர் கொதித்து வெளியேறும். பச்சை விறகென்றால் வெட்டுமுனையில் நுரை கட்டிப் புஸ்ஸென்று சத்தம் வரும். தண்ணீர் போன பிறகுதான் மரத்தின் சூடு 200, 300 டிகிரி செல்சியஸ் என்று ஏறும். அப்போது மரம் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் தாரையும் கக்கும். அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் மஞ்சள் சுவாலை. வாயு எல்லாம் போனபின் மிஞ்சுவது கரி. கரிக்குச் சுவாலை கிடையாது, கங்காகக் கனிந்துகொண்டே இருக்கும்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் பூக்குழி மூட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டு கட்டமும் அத்துப்படி. மதியமே கட்டைகளை அடுக்கிப் பற்றவைத்துவிடுவார்கள். ஆனால் சுவாலை அடங்கி, புகை நின்று, வெறும் தணலாகத் தட்டிப் பரப்பிய பிறகுதான் கரகம் இறங்கும். வாயு எரிந்து முடித்த கரி, சூட்டை மெதுவாகத்தான் காலுக்குக் கடத்தும். பாதி எரிந்த, இன்னும் வாயு கக்கும் கொள்ளி ஒன்று உள்ளே கிடந்தால் கதையே வேறு. அதனால்தான் பெரியவர்கள் நீளக்கம்போடு குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கொள்ளிகளைப் பொறுக்கி வெளியே போடுகிறார்கள்.

புகை எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. விறகு கக்கிய வாயுவுக்குப் போதிய சூடோ காற்றோ கிடைக்காவிட்டால் அது எரியாமலே தப்பிவிடும். தப்பியதற்குப் பெயர் புகை. நன்றாகக் காய்ந்த மரம் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு எடை உண்டு என்று நாம் நினைப்பதே இல்லை. ஆனால் அடுப்புக்குள் போகும் பொருளில் விறகைவிடக் காற்றுதான் பல மடங்கு அதிகம். பாட்டி ஊதுகுழலை எடுத்து ஊதியது விறகுக்கு உயிர் கொடுக்க மட்டுமல்ல, இந்தக் கணக்கைச் சரிக்கட்டவும்தான்.

ஈரத்துக்குக் கட்டும் டோல்

எல்லா மரமும் காய்ந்த நிலையில் கிட்டத்தட்ட ஒரே அளவு சக்திதான் தரும். கிலோவுக்கு 18, 19 மெகாஜூல். பால்மரமானாலும் புளியமரமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கனமான மரம் நின்று எரியும், லேசான மரம் சட்டென்று எரிந்து தீரும், அவ்வளவுதான். உண்மையான வித்தியாசத்தை உண்டாக்குவது ஈரம்.

ஈரம் என்பது நெடுஞ்சாலையில் டோல் சாவடி மாதிரி. கட்டாமல் தாண்ட முடியாது. ஒரு கிலோ தண்ணீரை அறைச் சூட்டில் இருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறக்குறைய 2.5 மெகாஜூல் போய்விடும். புதிதாக வெட்டிய விறகில் ஒரு கிலோவுக்கு 400 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தூக்கிவந்த சுமையில் எரியக்கூடியது 600 கிராம்தான். அது தரக்கூடிய 11 மெகாஜூலில் ஒன்று, அந்த 400 கிராம் தண்ணீரை விரட்டவே செலவாகும்.

ஒன்றுதானே போகிறது என்று தோன்றும். பெரிய நஷ்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது தீயின் சூடு இறங்குகிறது. சூடு இறங்கினால் வாயு பற்றாது. பற்றாத வாயு புகையாகி அடுப்படி முழுக்கச் சூழும். கண் எரியும், பானை கறுக்கும், சோறு வேகாது.

பால் வெட்டு முடிந்து வரும் பெண்கள் தலையில் சுள்ளிக்கட்டோடு வருவது தோட்டத்தில் தினசரிக் காட்சி. மறுநடவுக்காக மரம் சாய்த்த வெளிக்காடுகளில் விறகுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அன்றைக்குக் கொண்டுவந்ததை அன்றைக்கே எரிக்கமாட்டார்கள். அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். பச்சை விறகு அங்கே ஏறும். கீழே எரியும் தீயின் வீண்சூடு மேலே உள்ள விறகை உலர்த்தும். எரிந்து தப்பிப் போகிற சூட்டைப் பிடித்து அடுத்த எரிபொருளைக் காயவைப்பது! பெரிய கொதிகலன்களிலும் புகைபோக்கிக்குப் போகும் வெப்பத்தைத் திருப்பிப் பிடிக்க இதே யோசனையைத்தான் இரும்பில் செய்கிறார்கள்.

பற்றவைக்க ஒட்டுப்பால். வெட்டுக்கோட்டில் காய்ந்து நூலாகத் தொங்கும் அந்த ரப்பர்த் துண்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்று. ஏன் அப்படி எரிகிறது தெரியுமா? ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீளச் சங்கிலி. மரத்தில் இருப்பதுபோல் ஆக்சிஜன் அதில் இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் சேர்ந்த பொருள் பாதி எரிந்த பொருள் மாதிரிதான், அதில் கறக்க மிச்சம் குறைவு. ரப்பரில் கிலோவுக்குச் சுமார் 44 மெகாஜூல் இருக்கிறது. மண்ணெண்ணெயிலும் ஏறக்குறைய அதேதான். வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் வைத்து ஒரு மரம் தன் பட்டைக்குள்ளேயே மண்ணெண்ணெய்க்கு ஈடான பொருளைச் செய்துகொள்கிறது. நாம் அதை மங்கில் பிடித்தோம். என்ன, ஒட்டுப்பாலும் தோட்டத்துக்குச் சொந்தம், எடை போடுகிற சரக்கு. கால்சட்டைப் பையில் ஒரு பிடி இருப்பது தோட்டத்துக் கிராணி கண்ணில் பட்டால், காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கிழியும்.

புகை வேண்டுமென்றே மூட்டிய தீ

புகை நஷ்டம் என்று சொன்னேன். விதிவிலக்கு ஒன்று உண்டு. பழைய ரப்பர்த் தோட்டங்களில் புகைக்காகவே தீ மூட்டிய இடம், புகைக்கூடம்.

பாலில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து வரி வரியாகச் சீட்டு எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, மூங்கில் கழிகளில் போட்டுப் புகைக்கூடத்துக்குள் தொங்கவிடுவார்கள். கீழே குழியில் பால்மர விறகே எரியும். பாலைக் கொடுத்து ஓய்ந்த மரம், கடைசியில் அடுத்த தலைமுறை மரத்தின் பாலை உலர்த்த எரிந்தது. ஒரு கிலோ சீட்டு காய ஏறக்குறைய ஒரு கிலோ விறகு, கூடம் ஒழுகலாக இருந்தால் இன்னும் அதிகம்.

இங்கே தீக்கு வேகம் கூடாது. முதல் நாள் 40 டிகிரியை ஒட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 60 வரை. அதற்கு மேலே போனால் சீட்டில் கொப்புளம் விழும், தரம் இறங்கும். குறைந்தால் நடுவில் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். சீட்டுகள் தேன் நிறத்துக்கு வர ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். அந்தப் புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் சீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். கப்பலில் வாரக்கணக்காக லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன ரப்பருக்கு அந்தக் காப்பு தேவைப்பட்டது. அடுப்படியில் சனியனாக இருந்த அதே எரியாத வாயு, இங்கே சரக்கைக் காக்கும் மருந்து.

1965-ல் மலேசியா தரப்படுத்தப்பட்ட கட்டி ரப்பரை அறிமுகப்படுத்தியது. ரப்பரைச் சிறுசிறு துகளாக்கி, 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்திவிடலாம். விறகின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. 1980-களில் பால்மரப் பலகையில் நாற்காலி மேசை செய்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியதும், விறகாக எரிந்த மரத்துக்குத் திடீரென்று விலை வந்தது. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. தோட்டங்களும் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன.

ஒரு டன் குலையின் கணக்கு

இப்போது ஆலைக்கு வருவோம். மாமாவின் ராஜ்ஜியம்.

செம்பனைக் குலைகள் ஆலைக்கு வந்ததும் முதலில் நீராவியில் அவிக்கப்படும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 3 பார் அழுத்தத்தில். பிறகு குலையில் இருந்து பழத்தை உதிர்த்து, பிசைந்து, பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு டன் குலையில் சுமார் 200 கிலோ எண்ணெய். மிஞ்சுவது என்ன? பழச்சதையின் நார் 130 கிலோ, கொட்டையை உடைத்தால் வரும் ஓடு 50, 60 கிலோ, பழம் உதிர்ந்த வெறுங்குலை 220 கிலோ, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. அதோடு 600, 700 லிட்டர் கழிவு நீர்.

சக்தியாகக் கணக்குப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். அந்த ஒரு டன்னில், எண்ணெயில் மட்டும் 7,500 மெகாஜூல். நாரில் 1,400. ஓட்டில் 900. ஈரம் சொட்டும் வெறுங்குலையில் 1,000-க்குப் பக்கம். இவை தோராயக் கணக்குதான், ஆலைக்கு ஆலை மாறும்.

இதில் ஆலை தன் வேலைக்காக எரிப்பது நாரையும் ஓட்டையும் மட்டுமே. ஒரு டன் குலைக்கு ஏறக்குறைய அரை டன் நீராவியும் 20 கிலோவாட் மணி மின்சாரமும் வேண்டும். கொதிகலன் 20 பார் அளவில் நீராவியைக் கொடுக்கும். அது முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும், பிறகு அழுத்தம் இறங்கி 3 பாராகக் குலை அவிக்கப் போகும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. வெளியில் இருந்து டீசல் வாங்கவேண்டியது வாரக்கடைசியில் நிறுத்திய ஆலையை மறுபடி கிளப்பும்போதுதான். மற்றபடி பழம் தன்னைத் தானே அவித்துக்கொள்கிறது. மின் நிறுவனங்கள் இன்றைக்குப் பெருமையாகப் பேசும் இணை உற்பத்தியை, நம் செம்பனை ஆலைகள் யாரும் சொல்லாமலே பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன.

ஆனால் இதை ஓட்டுவது லேசில்லை. நார் பஞ்சு மாதிரி சட்டென்று பற்றி, சட்டென்று தீரும். அதில் ஈரம் 40 விழுக்காடு வரை இருக்கும். ஓடு காய்ந்தது, நின்று எரியும், சூடு அதிகம். அதை அளவுக்கு மீறிப் போட்டால் காற்று ஈடுகொடுக்காமல் கரும்புகை கிளம்பும், அடியில் சாம்பல் உருகிக் கட்டி கட்டியாகத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மாமா உலைக்கதவைத் திறந்து நீளக்கம்பியால் அந்தக் கட்டிகளை இடித்துத் தள்ளுவதை ஒருமுறை தள்ளி நின்று பார்த்தேன். கதவு திறந்ததும் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தது. தலையில் சுற்றிய ஈரத்துண்டில் ஆவி பறந்தது. கம்பியை இழுப்பதற்கு இடையிலும் அவர் கண் மேலே கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்துக்குப் போய்ப் போய் வந்தது. தீ கொஞ்சம் சரியில்லாமல் போனால் எண்ணெய் தாமதம், அவ்வளவுதான். தண்ணீர் இறங்கினால் உயிர் போகும். கதவைச் சாத்திவிட்டு வந்து, “நாருக்குக் காத்து, ஓட்டுக்கு நேரம். ரெண்டையும் கலந்து குடுக்கத் தெரிஞ்சா போதும், மாப்ள” என்றார்.

வெறுங்குலையை ஏன் எரிப்பதில்லை? மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அதனால். முன்பு அதற்கென்று தனி உலை வைத்துச் சாம்பலாக்கினார்கள். சாம்பலில் பொட்டாஷ் மிகுதி, நல்ல உரம். ஆனால் ஈரக்குலை எரிந்தால் வரும் வெண்புகை சுற்றுவட்டாரத்தையே மூடிவிடும். சுற்றுச்சூழல் விதிகள் இறுகியதும் அந்த உலைகள் அணைந்தன. இன்றைக்குக் குலைகளை அப்படியே லாரியில் ஏற்றி, செம்பனை வரிசைகளுக்கு இடையே மெத்தைபோல் பரப்பிவிடுகிறார்கள். அங்கே அது மெல்ல மக்குகிறது.

மக்குவதும் எரிவதுதான் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். ஒரு கிலோ காய்ந்த மரத்தை அடுப்பில் வைத்தாலும், மண்ணில் போட்டுப் பூஞ்சையும் கரையானும் முழுதாகத் தின்னவிட்டாலும், வெளிவரும் சக்தி ஒன்றே, கரியமில வாயுவும் ஒன்றே. ஒன்று மணிக்கணக்கில், மற்றது மாதக்கணக்கில். எருக்குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். 60 டிகிரியைத் தாண்டும். நம் உடம்பும் அப்படித்தான். 1780-களில் பிரான்சின் லவாய்சியர், சீமைப்பெருச்சாளி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அது உருக்கிய பனியை அளந்து, மூச்சுவிடுவது மெதுவாக எரிவதே என்று காட்டினார். ஒரு கிலோ அரிசியில் சுமார் 15 மெகாஜூல். விடியலில் பெரட்டுக்கு நின்று, தோளில் காண்டாக் கம்பு தூக்கி, மலைச்சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கிய உடம்புகள் எரித்தது அதைத்தான். ஆலைக்கு நார், ஆளுக்குச் சோறு.

குளத்தில் இருந்து வரும் வாயு

மிச்சம் இருப்பது கழிவு நீர். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள். பழுப்பு நிறம், மேலே தடித்த ஆடை, ஓயாமல் குமிழி விடும். காற்று நம் பக்கம் திரும்பினால் லயத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்தக் குமிழியில்தான் கதை இருக்கிறது.

காற்று புகாத குளத்தடியில் கிருமிகள் எண்ணெயையும் மாவுச்சத்தையும் தின்று மீத்தேன் வாயுவைக் கக்குகின்றன. மின்நிலையத்தில் எரியும் இயற்கை வாயுவும் பெரும்பாலும் இதுதான். அது எரியாமல் வானத்துக்குப் போனால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். எரித்துவிட்டால் அந்தக் கேடு பெரும்பாலும் தீரும், கூடவே சக்தியும் கிடைக்கும். எரிப்பதே எரிக்காமல் விடுவதைவிட நல்லது என்று சொல்லக்கூடிய அபூர்வமான இடம் இது.

இதை அளந்து பார்த்தது நம் மாநிலத்தில்தான். ஜெம்போல் மாவட்டம், செர்த்திங் ஹிலிரில் உள்ள பெல்டா ஆலையில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகமும் 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி நடத்தின. குளத்து வாயுவை மாதக்கணக்கில் பிடித்து அளந்தார்கள். 2006-ல் வெளிவந்த கட்டுரையில் அதன் மீத்தேன் பங்கு சராசரியாக 54 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அங்கேயே 500 கன மீட்டர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி வாயுவை முழுதாகப் பிடித்தும் காட்டினார்கள். பகாவ் பக்கம் போகிறவர்கள் பலருக்கு, உலகத்துக் கட்டுரைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் குளம் அந்தச் சாலைக்கு உள்ளே இருந்தது என்று தெரியாது.

ஒரு கன மீட்டர் கழிவு நீருக்குச் சுமார் 28 கன மீட்டர் வாயு என்பது பொதுவான கணக்கு. மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் வாயுவை இன்ஜினில் எரித்தால் ஒரு மெகாவாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் கிடைக்கும். ஆலை தன் வேலைக்குக் கேட்பது 0.6 மெகாவாட். நாற்றம் என்று மூக்கைப் பொத்திய குளத்தில் ஆலையின் தேவைக்கு மேலேயே மின்சாரம் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது!

2011-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, இப்படிப்பட்ட மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கும் ஏற்பாடும் வந்தது. 2014-ல் இருந்து புதிதாகக் கட்டும் ஆலைகள் வாயு பிடிக்கும் வசதியோடுதான் வரவேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகள் பலவற்றுக்கு இடைஞ்சல் பணம் மட்டுமல்ல. ஆலை தோட்டத்துக்கு நடுவில், மின்கம்பி வெகுதூரத்தில். உண்டாக்கிய மின்சாரத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கணக்கே இல்லாமல் எரிந்த காடு

மறுநடவு என்றால் அந்தக் காலத்தில் தீதான். பழைய மரங்களைச் சாய்த்து, காயவிட்டு, குவித்துக் கொளுத்துவார்கள். இரவில் மலைச்சரிவு முழுக்கச் செவ்வரிகள் ஊரும். சிறுவர்களுக்கு அது வேடிக்கை. மறுநாள் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள்.

சக்திக் கணக்கில் அதைவிடப் பெரிய வீண் கிடையாது. ஓர் ஆயுளுக்கு மரம் சேர்த்ததை ஓரிரு இரவில், எதையும் சூடாக்காமல், எதையும் சுழற்றாமல், வானத்துக்கு விடுவது. ஆனாலும் அதற்குக் காரணம் இருந்தது. மக்கும் தண்டுகளில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், இளங்கன்றுகளின் குருத்தைத் தின்னும். தீ வைத்தால் வண்டுக்கு இடமில்லை, நிலமும் சீக்கிரம் சுத்தம். கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் 1980-களின் கடைசியில் எரிக்காத மறுநடவைக் கையாளத் தொடங்கியது. தண்டுகளைச் சீவிச் சில்லாக்கி, வரிசைக்கு இடையே பரப்பி, மேலே பயறுவகைக் கொடியை ஓடவிட்டு மூடுவார்கள். தண்டு சீக்கிரம் மக்கினால் வண்டுக்கும் நேரம் குறையும். வண்டுத் தொல்லை அதனால் அடியோடு ஒழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

1997-ல் சுமத்ராவிலும் போர்னியோவிலும் எரிந்த காடுகளின் புகைமூட்டம் நம்மை மூடியது. சரவாக்கில் அவசரநிலையே அறிவித்தார்கள். அதில் பெரும்பங்கு சதுப்பு நிலத்து முற்றா நிலக்கரி. அது சுவாலைவிட்டு எரியவில்லை. ஈரத்தோடு, காற்று போதாமல், மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனிந்தது. மாமாவின் பாடம் மறுபடி. ஈரம் மிகுந்து காற்று குறைந்த தீயைப்போல் புகை கக்குவது வேறெதுவும் இல்லை. அந்தப் புகை கடலைத் தாண்டிப் போர்ட்டிக்சன் வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கும் பிரிவு சேர்ந்தது. 2002-ல் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. 2015-லும் 2019-லும் மூக்குக்கவசம் போட்டுக்கொண்டோம் என்பதும் உண்மை.

வெளிச்சம் யாருக்கு

எனக்கு இந்தக் கணக்கில் உறுத்துவது ஒன்றுண்டு.

ஆலையில் அத்தனை நீராவி, அத்தனை சுழற்சி. ஆனால் எங்கள் லயத்தில் விளக்கு எரிந்தது மாலையில் சில மணி நேரம்தான். இரவு பத்து மணியானால் ஒருமுறை மங்கி எழும், அது எச்சரிக்கை. அடுத்த சில நிமிடத்தில் இருள். பரீட்சைக்குப் படித்தவன் மண்ணெண்ணெய் விளக்குக்கு மாறுவான். தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசாங்கத்தின் கிராமப்புற மின்சாரம் கம்பத்து வீடுகளுக்கு வந்த பிறகும் பல லயங்களுக்கு வரத் தாமதமானது. எரியும் பொருளை வெட்டியவர்கள், சுமந்தவர்கள், உலையில் தள்ளியவர்கள் நாங்கள். அந்த வெளிச்சத்தில் கடைசி வரிசையில் இருந்தவர்களும் நாங்கள்.

இன்றைக்கும் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் இருக்கிறது. நம் ஆலைகளில் மிஞ்சும் ஓடு, ஜப்பானின் மின்நிலையங்களுக்குக் கப்பல் ஏறுகிறது. காய்ந்தது, கட்டியானது, நல்ல விலை. அதே நேரம் போர்ட்டிக்சன் கடலோரத்தில் ஜிமா மின்நிலையங்கள் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கின்றன. 2009-ல் வந்தது 1,400 மெகாவாட், 2019-ல் வந்தது 2,000 மெகாவாட். நிலக்கரியும் செடிகொடிதான், கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் புதைந்தது. இந்த ஆண்டு முளைத்த ஓடு வெளியே போகிறது, அந்த யுகத்துச் செடி உள்ளே வருகிறது. ஒரு சின்ன ஆலையின் ஓடு ஜிமாவின் ஒரு மூலைக்கும் காணாது, அது எனக்குத் தெரியும். ஆனால் குளத்து வாயு அப்படியல்ல. அது கப்பல் ஏறாது. அந்தந்த இடத்திலேயே பிடித்து, அந்தந்த இடத்திலேயே எரித்து, பக்கத்து ஊருக்குக் கொடுக்கவேண்டிய சரக்கு. கம்பி இழுக்கிற செலவை யார் ஏற்பது என்பதுதான் பாக்கி. அதில் அரசாங்கம் கைகொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. முன்பு பத்து மணிக்கு அணைந்த ஊர்களுக்கு அது ஒரு நியாயமும்கூட.

பொங்கல் விறகு

கடைசியாக, வீட்டுக்கு உதவும் ஒரு விஷயம். தோட்டத்தை விட்டுச் சிரம்பானிலும் நீலாயிலும் உள்ள தாமான்களுக்கு வந்துவிட்டோம். விறகு மூட்டுவது பொங்கலன்றைக்கு மட்டும்தான். வருடா வருடம் பார்க்கிறேன்: முதல் நாள் கடையில் வாங்கிய கட்டு, வாசலில் மூன்று செங்கல், பத்து நிமிடத்தில் தெரு முழுக்கப் புகை, பக்கத்து வீட்டு அம்மா கதவைச் சாத்துகிறார், நாம் மண்ணெண்ணெயை ஊற்றுகிறோம்.

விறகைத் தீபாவளி முடிந்ததுமே வாங்குங்கள். அது மழைக்காலம், அதனால் வெளியில் போட்டுப் பயனில்லை. கைக்கட்டை விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை பிளந்து, கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே, தரையில் படாமல், இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். தொப்பென்று கேட்டால் ஈரம் இருக்கிறது, டங்கென்று கேட்டால் தயார். செங்கற்களுக்கு இடையே காற்று நுழைய வாய் விடுங்கள். அடுப்பு நிறைய விறகைத் திணிக்காதீர்கள். சின்னதாக மூட்டி, எரிய எரியத் தள்ளிக் கொடுங்கள்.

அப்படிச் செய்தால் பால் சீக்கிரம் பொங்கும், பானையும் கறுக்காது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கதவைச் சாத்த வேலையிருக்காது. அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.